சுவரொட்டி இருக்கா என்று கேளுங்கள்

2018 நவம்பரில் ஜோத்பூரிலிருந்து வந்த ரயிலில் இரண்டு டன்னுக்கு மேல் இறைச்சி சென்னை எழும்பூரில் பிடிபட்டது. வால் நீளமாக இருக்கிறது, ஆகவே இது நாய்க்கறி என்று செய்தி தீயாய்ப் பரவியது. ஆளாளுக்குப் பிரியாணிக் கடைகளைச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். பிறகு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்ததில் அது ஆட்டிறைச்சிதான் என்று தெரிந்தது. வாலை வைத்துப் பயந்த நகரம், வேறொன்றைக் கவனிக்கத் தவறியது. எங்கோ அறுத்த ஆடு நாள்கணக்கில் பயணம் செய்து நம் தட்டுக்கு வரலாம் என்பதுதான் அந்தச் சம்பவத்தில் உண்மையிலேயே யோசிக்க வேண்டிய சங்கதி.

வாங்கும் கறி எங்கே, எப்போது அறுத்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. கடைக்காரரிடம் சுவரொட்டி இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், ஆட்டுக்கு ஒன்றுதான். ரத்தசோகை உள்ளவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதை வதக்கிக் கொடுக்கும் வழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. செம்மறிக் குட்டியின் மண்ணீரலில் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. ஈரலில்கூட அதில் ஐந்தில் ஒரு பங்கு கிடையாது. ஆனால் ரத்தம் தேங்கும் உறுப்பு என்பதால் சீக்கிரம் கெடும். ஈரல், மூளை, குடல் எல்லாமே தசைக்கறிக்கு முன்பே கெட்டுப்போகிறவை. தொடையை ஐஸ் பெட்டியில் வைத்து இரண்டு நாள் ஓட்டிவிடலாம், சுவரொட்டியை அப்படி ஓட்ட முடியாது. அது பளபளவென்று ஒரு கடையில் கிடைத்தால், அந்த ஆடு அன்று விடியற்காலை பக்கத்தில் எங்கோதான் அறுபட்டிருக்கிறது. முழு ஆட்டையும் வாங்கி, தலை முதல் கால் வரை விற்கிற கடை அது. நல்ல கறிக்கடை தேடுகிறவர்கள் தொடைக்கறியில் தொடங்காமல் இங்கே தொடங்க வேண்டும்.

ஈரலும் நிறையச் சொல்லும். நல்ல ஈரல் வழவழப்பாக, ஓரம் கூர்மையாக, ஒரே நிறத்தில் இருக்கும். வெள்ளைத் திட்டு, தடித்து நரம்பு போல எழும்பிய குழாய்கள், வெட்டும்போது வெளிவரும் தட்டையான புழு, இவையெல்லாம் ஈரல்புழு நோயின் அடையாளம். சதுப்பு நிலத்திலும் குட்டை ஓரத்திலும் மேய்ந்த ஆடுகளுக்கு வருவது. ஈரலிலோ நுரையீரலிலோ தெளிந்த நீர் நிரம்பிய கட்டி தென்பட்டால் விஷயம் இன்னும் கடுமையானது. அது ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். அந்தக் கட்டியைத் தின்னும் நாயின் குடலில் புழு வளர்ந்து, நாயின் கழிவு வழியாக மனிதர்களுக்குத் தொற்றி, மனித ஈரலிலும் அதே கட்டியை உண்டாக்கும்.

இதனால்தான் கடையின் முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் எட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடிக் கதவும் டைல்ஸ் தரையும் போட்டுவிட்டு, கழித்த உறுப்புகளைச் சந்தில் காத்திருக்கும் தெருநாய்களுக்கு வீசும் கடை சுத்தமான கடை அல்ல. பழைய புளியமரக் கட்டையில் வெட்டினாலும், கழிவை மூடிய டிரம்மில் சேர்த்து வண்டிக்குக் கொடுக்கிறவர் அந்தக் கடைக்காரரைவிடப் பல மடங்கு மேல்.

அடுத்தது நாணயம். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு சுமார் 99 லட்சம், செம்மறி சுமார் 45 லட்சம். ஏறக்குறைய மூன்றில் ஒன்று செம்மறி. ஆனால் கடைத்தெருவில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் வெள்ளாட்டுக்கறி என்றோ வெறுமனே மட்டன் என்றோதான் எழுதியிருக்கிறது. செம்மறி தாழ்ந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி ஆட்டுக்கு அங்கே நல்ல மதிப்பு உண்டு. கொழுப்பு கூடுதல், சமையலில் கைப்பக்குவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். தப்பு எங்கே வருகிறதென்றால், செம்மறியைத் தொங்கவிட்டு வெள்ளாட்டு விலை வாங்கும்போது. வெள்ளாட்டின் வால் குட்டையாக நிமிர்ந்து நிற்கும், செம்மறியின் வால் தொங்கும். அதனால்தான் விவரமான கடைக்காரர்கள் உரித்த ஆட்டில் வாலை மட்டும் விட்டுவைப்பார்கள். கேட்காமலே “இன்னைக்கு செம்மறிதாங்க” என்று சொல்லிவிடும் கடைக்காரர் கிடைத்தால் விடக் கூடாது.

ஆடு எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்றும் கேட்கலாம். எட்டயபுரம், அய்யலூர், செஞ்சி என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால், அவர் ஆட்டைத் தானே பார்த்து, பல்லைப் பிடித்து, முதுகைத் தடவி வாங்கியவராக இருக்க வாய்ப்பு அதிகம். திண்டுக்கல்லில் 1957இல் தொடங்கிய தலப்பாக்கட்டிப் பிரியாணியின் பெயருக்குக் கன்னிவாடி, பரமத்தி சந்தை ஆடுகளும் ஒரு காரணம் என்று இன்றுவரை சொல்கிறார்கள். பெரிய பிரியாணிக் கடைக்கே ஆடு வந்த இடம் முக்கியம் என்றால், அரைக் கிலோ வாங்கும் வீட்டுக்கும் அது முக்கியம்தான்.

கைத்திறனைச் சோதிக்க ஒரே வழி, வெட்டும்போது பக்கத்தில் நிற்பது. தெரிந்த கை மூட்டைத் தேடிக் கத்தியை நுழைத்துப் பிரிக்கும். தெரியாத கை எலும்பின் நடுவில் ஓங்கிப் போட, குழம்பு முழுக்கச் சில்லு. அதற்கும் முன்னால் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “குழம்புக்கா, சுக்காவுக்கா?” குழம்பென்றால் கழுத்தும் நெஞ்செலும்பும் முன்னங்காலும் கலந்து போடுவார். சுக்காவென்றால் தொடையில் சவ்வு எடுத்து, சின்னதாக. கொத்துக்கறியை முன்கூட்டியே அரைத்துக் குவித்து வைத்திருக்க மாட்டார், கண்ணெதிரே கொத்துவார். தலையும் காலும் கேட்டால் தீயில் வாட்டி, மயிர் சுரண்டி, மஞ்சள் தடவித் தருவார். குடலைப் புரட்டிக் கழுவித் தரும் பொறுமை உள்ளவர்கள் குறைந்துவருகிறார்கள். அந்த வேலைக்குத் தனியாகக் கூலி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுப்பதே முறை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றுகொண்டு இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்நேரம் அவர் கை நிற்காது. பழக்கம் பிடிக்கப் புதன்கிழமை போக வேண்டும். புரட்டாசியில் கூட்டம் இன்னும் குறைவு. “அண்ணே, ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சுவரொட்டியும் நாலு காலும் எடுத்து வைங்க” என்று இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லி, சொன்னபடி போய் வாங்கிவிட்டால், அடுத்த முறை அவரே கூப்பிடுவார். செல்போன் செயலியில் படம் பார்த்து வாங்குகிறவருக்கு இந்த வசதி கிடையாது. இன்னொன்று, அறுத்த சூடு ஆறுவதற்குள் கறியை நேராக ஃப்ரீசரில் திணித்தால் தசை சுருங்கி ரப்பராகிவிடும். அன்றே சமைக்காவிட்டால் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்துவிட்டுப் பிறகு உறையவைப்பது நல்லது. இதைச் சொல்லித் தரும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் வாங்குகிறவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், அறுக்கும் முன் ஆட்டுக்கு நோய் இருந்ததா என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. அது அரசின் வேலை. 2001ஆம் ஆண்டு இறைச்சிக்கூட விதிகள் தெளிவாகவே இருக்கின்றன: நகராட்சி எல்லைக்குள் உரிமம் பெற்ற கூடத்தில்தான் அறுக்க வேண்டும், சினை ஆட்டையும் மூன்று மாதம் ஆகாத குட்டியையும் தொடக் கூடாது, மருத்துவர் சான்று வேண்டும், ஒரு மருத்துவர் மணிக்கு 12 ஆடுகளுக்கு மேல் பரிசோதிக்கக் கூடாது. நடப்பில் ஊருக்கு ஊர் கடை வாசலிலேயே அறுப்பு நடக்கிறது. கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பக்கத்தில் கூடம் இல்லாதபோது, இருந்தாலும் தண்ணீரும் விளக்கும் ஒழுங்காக இல்லாதபோது அவர் எங்கே போவார்?

உள்ளாட்சிகள் இதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். சனிக்கிழமை நள்ளிரவிலிருந்து ஞாயிறு விடியும் வரை, அறுப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கூடத்தில் போதுமான கால்நடை மருத்துவர்கள் பணியில் இருக்க வேண்டும். அவர்கள் குத்தும் முத்திரை, கடையில் தொங்கும் தொடையில் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.