உங்கள் முழங்கால் குளிசையை நாய்க்குக் கொடுக்காதீர்கள்



இன்றைக்குப் பள்ளிக்கூட விசயம் இல்லை, நாய் விசயம். "சேர், நீங்களோ நாயைப் பற்றி எழுதிறீங்கள்?" என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு முழுவதையும் வாசியுங்கள். கொஞ்சம் நீளம்தான்.

நான் கிழமை நாட்களில் தங்கியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஒரு ஆச்சி தனியே இருக்கிறா. பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அவவோடு இருந்தது வீமன் என்ற நாய் மட்டும்தான், பன்னிரண்டு வயது. படலையில் ஆள் வந்தால் குரைத்துச் சொல்வதும் அவன், இரவில் விறாந்தையில் துணைக்குப் படுப்பதும் அவன். போன மாரியில் அவனுக்குப் பின்னங்கால் பிடித்துக்கொண்டது. காலையில் முன்னங்காலை ஊன்றி எழும்ப இரண்டு மூன்று தரம் முயற்சிப்பான். நடந்து கொஞ்சம் சூடேறினால் பரவாயில்லை.

ஆச்சிக்கும் முழங்கால் வாதம். அவவின் குளிசைப் பையில் டைக்ளோஃபெனக் இருந்தது. "எனக்கும் அவனுக்கும் ஒரே வருத்தம்தானே மாஸ்ரர் தம்பி" என்று ஒவ்வொரு நாளும் சோற்றுக்குள் அரைக் குளிசை வைத்துக் கொடுத்திருக்கிறா. முதல் நாள் உசாராக நடந்தானாம். சில நாளில் சாப்பாட்டை விட்டான், சத்தி எடுத்தான், மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. எனக்குத் தெரியவந்தபோது காலம் பிந்திவிட்டது. மிருக வைத்தியர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னோம். உடனே கொண்டுவரச் சொன்னார். அன்றைக்குக் கடல் குழப்பம், படகு இல்லை. விடியமுன் வீமன் போய்விட்டான்.

"நானே குடுத்து நானே கொண்டுபோட்டன்" என்று ஆச்சி இன்றைக்கும் சொல்லி அழுகிறா. என் பெயரைப் போடாமல் நாலு பேருக்குச் சொல்லு தம்பி என்றும் அவதான் சொன்னா. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலாவது விசயம். மனிதருக்கு நோவு குறைக்கும் குளிசை நாய்க்கு மருந்து அல்ல. டைக்ளோஃபெனக், இபுபுரோஃபென் போன்றவை நாயின் வயிற்றிலும் குடலிலும் புண் உண்டாக்கும், இரத்தம் கசியும், சிறுநீரகம் செயலிழக்கும். பனடோல் ஈரலைக் கெடுக்கும். பூனைக்கு ஒரு பனடோல் குளிசையே உயிரை எடுக்கப் போதும். டைக்ளோஃபெனக் எவ்வளவு பொல்லாதது என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் மாடுகளுக்கு அதைக் கொடுத்தார்கள். செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் இந்த மருந்துதான் என்று 2004 இல் கண்டுபிடித்தார்கள். 2006 இல் மூன்று நாடுகளும் கால்நடைக்கு அதைத் தடை செய்தன. ஓர் உயிருக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகலாம்.

நோவுத் தைலம், பாம் பூசுவதும் வேண்டாம். நாய் நக்கிவிடும், அது வயிற்றுக்குள் போகும்.

இரண்டாவது விசயம். "கிழடாகிவிட்டது, அப்பிடித்தான்" என்று விடுவது. இதோடு எனக்கு உடன்பாடில்லை. வயது ஒரு நோய் இல்லை. மூட்டுத் தேய்வு நோய், அதில் வலி இருக்கிறது. நாய் பெரும்பாலும் வலியில் கத்தாது. திண்ணையில் ஏறாமல் விடும், ஒரே மூட்டை நக்கிக்கொண்டிருக்கும், பின்னங்கால் தசை மெலியும், தொட்டால் உறுமும். அந்த உறுமலைத்தான் "நாய்க்கு விசர்க்குணம் வந்திட்டுது" என்கிறோம். வலியில் இருக்கும் நாயைப் பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் கடிக்கும். கடித்தால் ஊசிக்கு அலைவது நாங்கள்தான். ஆகவே இது நாய் மேல் பாசம் உள்ளவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை.

வீட்டில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, அதிகம் செலவும் இல்லை. வெறும் சீமெந்துத் தரையில் படுக்க விடாமல் நாலைந்து சாக்கை மடித்தோ பழைய மெத்தைத் துண்டைப் போட்டோ ஈரமும் காற்றும் படாத மூலையில் இடம் கொடுங்கள். மாரியில் இது மிக முக்கியம். வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளில் இப்போது மினுக்கிய மாபிள் தரை. கிழட்டு நாய்க்கு அது பனிக்கட்டி மாதிரி, ஒவ்வொரு சறுக்கலும் மூட்டில் அடி. அது நடக்கும் வழியில் சாக்கு விரித்து விடுங்கள். வளர்ந்த நகத்தை வெட்டுங்கள்.

நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைத்தால் மூட்டு இறுகும். சைக்கிளுக்குப் பின்னால் ஓட விட்டால் வீங்கும். காலையும் மாலையும் பத்து நிமிசம் மெதுவாக நடத்துவது போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். இறுகிய மூட்டுக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிசம் ஒத்தடம் கொடுக்கலாம். முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். புதிதாக வீங்கிச் சுடும் மூட்டுக்குச் சூடு வேண்டாம், குளிர்ந்த துணி வையுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து உடம்பு எடை. விலாவில் கை வைத்தால் எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் சோற்றைக் குறையுங்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியிலிருந்து சாகும்வரை கவனித்த ஆய்வு ஒன்று 2002 இல் வெளிவந்தது. ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 வீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூட வாழ்ந்தன, மூட்டு வருத்தமும் பிந்தித்தான் வந்தது. பாசத்தைச் சோற்றில் காட்டுகிறவர்கள் இதை யோசியுங்கள். எங்கள் கடலில் கிடைக்கும் சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்துக் கொஞ்சம் கொடுக்கலாம். மீனெண்ணெய் மூட்டு வீக்கத்துக்கு ஓரளவு உதவும். குழம்பில் ஊறிய மீன் வேண்டாம், வெங்காயம் நாய்க்கு ஆகாது.

இதற்கு மேலும் வலி இருந்தால் மருந்து வேண்டும். நாய்க்கென்றே மெலொக்ஸிகாம், கார்ப்ரோஃபென் போன்றவை இருக்கின்றன. நாயின் எடையைப் பார்த்து மிருக வைத்தியர் சொல்லும் அளவில், சாப்பாட்டோடு மட்டும் கொடுக்க வேண்டும். இரண்டு நோவு மருந்தை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. ஸ்டீரொயிட் எடுக்கும் நாய்க்கும் கூடாது. சத்தி, கறுப்பு மலம், சாப்பாட்டு மறுப்பு வந்தால் அந்த நிமிசமே நிறுத்தி வைத்தியரிடம் சொல்லுங்கள். நொண்டுகிற எல்லா நாய்க்கும் வாதம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். முள்ளாக இருக்கலாம், முறிவாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

"மிருக வைத்தியருக்கு எங்கே போறது சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கம் பாதை இருக்கிறது. நெடுந்தீவில் இருப்பவர் குறிகாட்டுவானுக்கு வரவே படகில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ். நயினாதீவிலும் கடல் தாண்டித்தான் வர வேண்டும். நடக்க முடியாத நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆச்சி இதைச் செய்வாவா? ஆகவே நான் கேட்பது சின்ன விசயம். விசர்நாய்த் தடுப்பூசி போட வரும் நாளிலேயே கிழட்டு நாய்களையும் பார்த்து, எடை நிறுத்து, மருந்து எழுதிக் கொடுக்க ஒரு ஒழுங்கு வேண்டும். அந்த மருந்தைத் தொலைபேசியில் கேட்டுத் தொடரவும் வழி வேண்டும். சனசமூக நிலையங்களும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து கடிதம் கொடுத்தால் அதிகாரிகள் யோசிப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அம்மாவுக்கு மருந்துக் காசு அனுப்பும்போது அம்மாவோடு இருக்கிற அந்தச் சீவனுக்கும் கொஞ்சம் சேர்த்து அனுப்புங்கள்.

"மனிசருக்கே இங்கே வைத்தியம் காணாது, நாய்க்கோ?" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே கேட்டார். மனிதருக்கான குறையை நானும் அறிவேன், அதற்கும் கூடவே நின்று கேட்பேன். ஆனால் சாக்கு விரிப்பதும் சோறு குறைப்பதும் எந்த நோயாளியின் கட்டிலையும் பறிக்காது. கோடையில் நெடுந்தீவுக் குதிரைகள் தண்ணீருக்கு அலைவதைப் பார்த்து மனம் கசிகிற ஊர்கள் இவை. அந்த இரக்கம் எங்கள் படலைக்குள்ளும் வரட்டும்.

கடைசியாக என் ஆட்களுக்கு. நாய் நனைந்த உடம்போடு பட்டால், எச்சில் பட்டால் மண்ணோடு சேர்த்து ஏழு தரம் கழுவ வேண்டும் என்பது எங்கள் ஷாஃபி மத்ஹபின் சட்டம். நானும் கழுவுகிறேன். கழுவச் சொன்ன மார்க்கம்தான் தாகத்தில் தவித்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவரை அல்லாஹ் மன்னித்தான் என்றும் சொல்லித் தந்தது. கழுவுவதற்குத் தண்ணீரும் மண்ணும் எங்களிடம் இருக்கின்றன. வீட்டுக்குள் வளர்க்கச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஆச்சியின் நாய் எழும்ப முடியாமல் கிடந்தால் ஒரு தொலைபேசி எடுத்துக் கொடுக்க யாரும் தடை சொல்லவில்லை.

ஆச்சியின் விறாந்தை மூலையில் வீமனின் சாக்கு இன்னும் மடிக்காமல் கிடக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு கிழட்டு நாய் இருந்தால், இன்றைக்குப் பின்னேரமே அதன் படுக்கையைப் பாருங்கள். உங்கள் குளிசைப் பையை அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.