காவோலையும் குருத்தோலையும்

காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பது நம்மவர் பழமொழி. முதியோரை எள்ளும் இளையோரைத் திருத்தவே இதனை எடுத்தாளுவர். ஆயின் நம் உடம்பினுள்ளே கணந்தோறும் காவோலைகள் விழுந்தவண்ணமே இருக்கின்றன. அவை விழாதொழியின் குருத்துக்கும் வாழ்வில்லை.

1972ஆம் ஆண்டு அவுஸ்திரேலியரான யோன் கேரும், ஸ்கொத்லாந்தின் அபடீன் சர்வகலாசாலையில் அவரோடு ஆராய்ந்த வைலி, கறீ என்போரும் கலங்களின் இறப்பிலே இருவகை உண்டெனக் காட்டினர். அடிபட்டோ நஞ்சுண்டோ மடியும் கலம் வீங்கி வெடிக்கும். அயலிடமெல்லாம் அழற்சி காணும். மற்றைய வகையோ ஆரவாரமற்றது. கலம் சுருங்கிச் சிறு பொதிகளாகப் பிரியும். அயற்கலங்கள் அவற்றை விழுங்கிவிடும். இவ்விறப்புக்கு ‘அப்பொப்தோசிஸ்’ என்ற பெயரைத் தேடிக்கொடுத்தவர் அங்கிருந்த கிரேக்கமொழிப் பேராசிரியர். இலையுதிர்தல் என்பது அதன் பொருள். (மொழியாசிரியரால் விஞ்ஞானிக்கு யாது பயன் என வினவும் மாணவர் இதனைக் கவனிப்பாராக!) வாற்பேத்தையின் வால் மறைவதும், கருவிலே நம் விரல்களுக்கிடையேயிருந்த சவ்வு நீங்கி அவை தனித்தனியே பிரிவதும் இவ்விறப்பினாலேயே.

ஒரு மில்லிமீற்றர் நீளமேயுள்ள வட்டப்புழு ஒன்று இதன் ஒழுங்கை உணர்த்திற்று. அதன் உடலிலே 1,090 கலங்கள் தோன்றுகின்றன, 131 கலங்கள் இறக்கின்றன, எஞ்சுவன 959. எப்புழுவை நோக்கினும் அதே கலங்கள், அதே பருவத்திலே இறக்கக் காணலாம். இவ்விறப்பை நடத்தும் பரம்பரையலகுகளைக் கண்ட ஹோர்விற்ஸ், பிரெனர், சல்ஸ்ரன் ஆகியோருடன் 2002இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவற்றை ஒத்தவை மனிதரிடத்தும் உள.

இனி, நம் என்பு மச்சைக்கு வருவோம். செங்குழியத்தின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். நாடோறும் சுமார் 20,000 கோடி செங்குழியங்கள் புதிதாகப் பிறத்தல் வேண்டும். அவை யாவற்றுக்கும் முதல் மச்சையிலுள்ள மிகச் சில மூலக்கலங்களே. மூலக்கலம் பழுதுபடின் அதன் சந்ததி முழுவதும் பழுதுபடும்.

இதனை விளக்கியபொழுது மாணவி ஒருத்தி, “ஐயா, மச்சையிலே கலங்கள் நிறைந்திருந்தும் குருதியிலே பஞ்சம் ஏற்படுமா?” எனக் கேட்டாள். ஏற்படும். முதியோரையே பெரும்பாலும் பற்றும் மச்சைநோய் ஒன்றில், பழுதுற்ற மூலக்கலம் கலங்களைப் பெருக்கிக்கொண்டேயிருக்கும். அவையோ முதிருமுன்னரே மச்சையினுள் மடிந்துபோகும். வயல் நிறையப் பயிர், களத்திலே நெல்லில்லை. சிலரிடத்து இந்நோய் காலகதியிற் குருதிப் புற்றுநோயாக மாறுதலும் உண்டு.

நம் வீடுகளில் நடப்பதென்ன? அப்பு வெளிறிக் களைத்தால், “வயசு போட்டுது” என்கின்றோம்; முருங்கையிலைச் சுண்டலும் இரும்புச்சத்து மருந்தும் கொடுக்கின்றோம். இரும்புக் குறைவினால் வந்த சோகைக்கு அவை உதவும். இந்நோயிலோ குறைந்தது இரும்பன்று. அடிக்கடி குருதி ஏற்றப்பெறுவோர் உடலில் இரும்பு மிகுந்து தீங்கும் செய்யும். நீங்காத சோகைக்கு முதலில் வேண்டியது குருதிப் பரிசோதனை. தேவையாயின் மச்சைப் பரிசோதனை. மாதக்கணக்காக மருந்துப்போத்தலை மாற்றிக்கொண்டிருப்பது வைத்தியமாகாது.

இதற்கு நேர்மாறானது, இறக்கவேண்டிய கலம் இறவாதிருத்தல். நிணநீர்த் தொகுதியிற் றோன்றும் ஒருவகைப் புற்றுநோயில் 14ஆம், 18ஆம் நிறமூர்த்தங்கள் தம் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, அதனால் பி.சி.எல்.-2 என்னும் பரம்பரையலகு ஓயாது தொழிற்படுகின்றது. இது கலத்தைப் பெருக்குவதன்று, சாகாமற் காப்பது என்பதை 1988இல் மெல்போண் நகர ஆய்வாளர் வெளிப்படுத்தினர். புற்றுநோயென்றால் கட்டற்ற பெருக்கம் என்றே எண்ணியிருந்தவர்க்கு இது புதுமையாயிருந்தது.

அந்தக் காவலைத் தடுக்கும் வெனெற்றோகிளாக்ஸ் என்னும் மருந்து, நாட்பட்ட குருதிப் புற்றுநோய் ஒன்றுக்கு 2016இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கலங்கள் ஒருங்கே மடிந்தால் அக்கழிவைச் சிறுநீரகம் தாங்காது. ஆதலின் அந்நோயாளர்க்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமிலே தொடங்கி, வாரந்தோறும் கூட்டி, ஐந்தாம் வாரத்திலேதான் 400 மில்லிகிராம் கொடுக்கின்றனர்.