வயிற்றுப் பிள்ளை சொல்லும் சேதி

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வந்ததும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். "அடடா, என்ன அழகு!" என்று காரிலிருந்தபடியே சொல்கிறோம். அந்த வெயிலில் கால் கடுக்க நின்று உப்பு வாருகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தால்?

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் 2017-ல் தொடங்கி, தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து வந்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று கடும் வெப்பத்தில் உழைத்தவர்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குக் கரு கலைவது சுமார் இரு மடங்காக இருந்ததாம்.

நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வேலை மும்முரத்தில் பிள்ளையின் அசைவை மறந்துபோவது உப்பளத்திலும் உண்டு, உங்கள் அடுக்களையிலும் உண்டு.

தலைச்சன் பிள்ளையென்றால் ஐந்தாம் மாதவாக்கில் அசைவு தெரியும். அடுத்த பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரியும். போகப் போக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிடும். ஒன்று இரவில் உதைக்கும், ஒன்று சாப்பிட்டதும் புரளும். இடையிடையே சிறிது நேரம் தூங்கவும் செய்யும். பத்து அசைவு எண்ணிப் பார்க்கும் முறை 1970-களில் பரவியது. 1989-ல் வெளியான, 68,000 பெண்களைக் கொண்ட பரிசோதனையில், எண்ணிக் குறித்ததால் மட்டும் சிசு மரணம் குறையவில்லை. ஆகவே கணக்கு நோட்டு வேண்டாம். உங்கள் பிள்ளையின் வழக்கம் தெரிந்திருந்தால் போதும்.

"ஒன்பதாம் மாதம் இடமில்லை, அதனால்தான் அசையவில்லை" என்று சொல்லாத பாட்டி உண்டா! பாட்டிமார் கோபித்துக்கொள்ளக் கூடாது, இது சரியல்ல. உதையின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குழந்தையை இறந்து பெற்ற தாய்மார்களில் பலர் அதற்குமுன் அசைவு குறைந்ததைக் கவனித்துத்தான் இருந்திருக்கிறார்கள்.

சந்தேகமாயிருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கவனியுங்கள். அப்போதும் குறைவாகவே தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, இரவானால் இரவே. அசைவு அறவே நின்றுவிட்டால் படுத்துப் பார்க்கக்கூடப் பொழுது போக்காதீர்கள். பெரும்பாலும் பிள்ளை சௌக்கியமாகவே இருக்கும். "இதற்கா வந்தாய்?" என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வண்டி இல்லையென்றால் 108-க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. உப்பளத்துப் பெண்ணுக்கும் அந்த வண்டி வரும். ஆனால் அவள் போனால் அன்றையக் கூலி போய்விடும். உங்கள் வீட்டு வேலைக்கு வருகிறவள் கர்ப்பமாயிருந்து, ஒரு நாள் இப்படி ஓட நேர்ந்தால், சம்பளத்தில் பிடித்துவிடாதீர்கள்.