பாயோடு நடந்த பிள்ளைகள்

பொழுது சாய்ந்தால் பிள்ளைகள் வீடு திரும்புவதுதான் ஊர் வழக்கம். உகாண்டாவின் வடபகுதியில் 20 ஆண்டுகளுக்கு முன்பு அது தலைகீழாக இருந்தது. அந்தி மயங்கியதும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு குலு நகரத்துக்கு நடப்பார்கள். கடைத் திண்ணையிலும் பேருந்து நிலையத்திலும் படுத்துவிட்டு, விடிந்ததும் ஊருக்குத் திரும்புவார்கள். இரவில் வீட்டில் இருந்தால் கிளர்ச்சிப் படை தூக்கிப்போய்த் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிடும் என்ற பயம்!

2006-ல் சண்டை ஓய்ந்தது. இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். அப்போதுதான் இன்னோர் இழப்பு தெரிந்தது. முகாமில் நிவாரண உணவு வாங்கியே வளர்ந்த பிள்ளைகள் பலருக்கு விவசாயம் பழகவில்லை. கொட்டிலில் மாடு இல்லை. நிலத்தின் எல்லையைக் காட்டத் தெரிந்த பெரியவர்கள் பலர் உயிரோடு இல்லை. வயலில் நின்று அப்பா சொல்லித்தரும் பாடம், ஒரு தலைமுறைக்கே விட்டுப்போயிருந்தது.

விட்ட பாடத்தைத் தொடர உதவியது, சண்டைக்கு நடுவிலேயே 2002-ல் தொடங்கப்பட்ட குலு பல்கலைக்கழகம். அதன் வேளாண் மாணவர்கள் வகுப்போடு நிற்பதில்லை. சிறு விவசாயக் குடும்பங்களோடு சேர்ந்து வயலில் வேலை செய்கிறார்கள். குடும்பத்துக்குப் புதிய முறைகள் தெரியவருகின்றன. மாணவருக்கோ, புத்தகத்தில் இல்லாத மண் புரிகிறது.

2016-ல் மாஸ்டர்கார்டு அறக்கட்டளை கைகொடுத்தது. ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ரூஃபோரம் வழியாக, குலுவுக்கும் கென்யாவின் எகர்ட்டன் பல்கலைக்கழகத்துக்கும் 8 ஆண்டுத் திட்டம் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கிடைத்தது. மாணவர் விவசாயியிடம் போகும் வழக்கமும் விரிந்தது.

தர்மம் என்றால் கட்டடமும் கல்வெட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். உதவித்தொகை அதைவிட மேல். ஆனால், படித்த பிள்ளை நகரத்திலேயே தங்கிவிட்டால், ஊர் பழையபடியே கிடக்கும். கல்லூரியும் ஊருக்குள் வந்தால்தான், படிக்க வாய்ப்பே கிடைக்காத பக்கத்து வீட்டுப் பையனுக்கும் பலன் சேரும். அதற்கு ஒரு நாள் நன்கொடை போதாது, பல வருடப் பொறுமை வேண்டும்.

நல்ல காரியத்துக்குப் பணம் கொடுப்பவர்கள், 'எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள்?' என்று கேட்பது சரிதான். கூடவே, 'எத்தனை வயல்களில் மறுபடி விதை விழுந்தது?' என்றும் கேட்கலாமே!