கயிறு பிடித்த மச்சான்

"உங்கள் நாவல்களில் ராஜகுமாரிகளே வருவதில்லையே, ஏன்?" என்று ஒரு வாசகி கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். பாசமும் தியாகமும் அரண்மனைகளில்தான் பெரிய அளவில் இருக்கின்றனவாம். இந்த அபிப்பிராயத்தை ஊட்டி வளர்த்தவர்கள் நம் தொடர்கதைக்காரர்கள். ஆகவே எனக்கு வழக்கு அவர்களோடுதான். அந்த அம்மாளோடு அல்ல.

தூத்துக்குடியில் முத்துச் சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அந்தக் கரையில் ஒரு வழக்கத்தைச் சொல்லுவார்கள். கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவன் முத்துப் பாருக்கு இறங்குவான். தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பவன் அவன் மச்சானாக, மனைவியின் கூடப்பிறந்தவனாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி பங்காளி. அவன் கவனம் கொஞ்சம் பிசகலாம். மச்சான் கண்ணிமைக்க மாட்டான். தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது!

இதே கடலைத் தாண்டிப் போன ஒரு ராஜகுமாரியின் கதையைப் பாருங்கள். இலங்கையின் மகாவம்சம் சொல்லுகிறது: விஜயன் மதுரைக்கு மணியும் முத்தும் அனுப்பிப் பெண் கேட்டான். பாண்டியன் மகளைக் கப்பலேற்றினான். கூடவே பல பெண்கள், யானைகள், குதிரைகள், பதினெட்டுத் தொழில் வகுப்பாரில் ஆயிரம் குடும்பங்கள். அவர்கள் மாதோட்டத்தில் இறங்கிய செய்தி வந்ததும், விஜயனுக்கு இரண்டு குழந்தைகளைப் பெற்றுக் கொடுத்த குவேனி வீட்டை விட்டுத் துரத்தப்பட்டாள். பிறகு விஜயன் ஆண்டுதோறும் மாமனாருக்கு இரண்டு லட்சம் பெறுமானமுள்ள முத்து அனுப்பினானாம்.

பழங்கதைதானே என்பீர்கள். இருக்கட்டும். அதை எழுதியவருக்கு முத்தின் விலை நினைவிருந்தது. பெண்ணின் பெயரை அவர் எழுதவில்லை.

பழங்கதை வேண்டாம் என்றால், தொடர்கதைக்காரர்களுக்குப் பிடித்தமான ஐரோப்பாவுக்கே போவோம். இத்தாலியின் ராணி மார்கரீத்தா. பெயருக்கே முத்து என்றுதான் பொருள். 1868-ல், பதினாறு வயதில், உம்பர்ட்டோவுக்கு அவளைக் கட்டிவைத்தார்கள். அவர் அவளுடைய பெரியப்பா மகன்! நம் வீடுகளில் 'அண்ணா' என்று கூப்பிட்டிருப்பாள். கணவர் முத்துச்சரங்களாக வாங்கிக் குவித்தார் என்பது பிரசித்தம். அவருடைய மனம் வேறொரு சீமாட்டியிடம் இருந்ததும் அதே அளவுக்குப் பிரசித்தம்.

அவளுடைய பேத்தி மஃபால்டா. 1925-ல் ஜெர்மானியப் பிரபுவான ஹெஸ்ஸே பிலிப்புக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளை நாஜிக் கட்சியில் சேர்ந்தார்; ஹிட்லருக்கும் இத்தாலிக்கும் நடுவே தூது நடந்தார். 1943 ஆகஸ்டில் அவள் தங்கை ஜியோவன்னாவின் கணவர், பல்கேரிய மன்னர் போரிஸ், இறந்துபோனார். விதவையான தங்கையைத் தேற்ற மஃபால்டா ஓடினாள். (அரண்மனையில் பாசமே இல்லை என்று நான் சொல்லவில்லை.) அவள் ஊர் திரும்புமுன் செப்டம்பர் 8-ல் இத்தாலியின் சரணாகதி அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடியற்காலையில் அவள் தந்தை, மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல், ரோமை விட்டு ஓடினார். மகளுக்கு ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லை. அவள் குழந்தைகளைத் தேடி ரோமுக்கே வந்தாள். "கணவர் தொலைபேசியில் பேசுகிறார்" என்று பொய் சொல்லி ஜெர்மானியர் தூதரகத்துக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டார்கள். கணவரோ அதற்கு முன்பே ஹிட்லரின் காவலில் இருந்தார்!

"ராஜ்யமே கவிழும்போது ஒரு மகளைப் பற்றி மன்னர் நினைக்க முடியுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. மன்னர் தனியாக ஓடவில்லை, ஐயா. ராணி கூட இருந்தாள். பட்டத்து இளவரசன் கூட இருந்தான். வாரிசை மறக்காத மனிதருக்கு, கட்டிக்கொடுத்த பெண் மட்டும் எப்படி மறந்துபோனாள்? ஜெர்மனியோடு உறவு முறிந்ததும் அந்தச் சம்பந்தத்தின் உபயோகமும் தீர்ந்துவிட்டது, வேறென்ன? தூத்துக்குடியில் ஒரு மச்சான் இப்படிக் கயிற்றை விட்டிருந்தால் மறுபடி எந்தத் தோணியில் அவனை ஏற்றியிருப்பார்கள்?

புக்கன்வால்டு சிறை முகாமில் அவள் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளை. 'வெபர் சீமாட்டி' என்று வேறு பெயர் சூட்டினார்கள். 1944 ஆகஸ்ட் 24-ல் அங்கே குண்டு விழுந்தது. கை சிதைந்து, அதை வெட்டியெடுத்து, நாலே நாளில் போய்விட்டாள். வயது நாற்பத்தொன்று. நாலு குழந்தைகள்.

நம் தொடர்கதைக்காரர் கையில் இவள் அகப்பட்டால் கவலையில்லை. 1925-ல் ராக்கோனிஜி அரண்மனையில் நடந்த கல்யாணத்தோடு 'சுபம்' போட்டு, அடுத்த வாரம் வேறொரு ராஜகுமாரியை ஆரம்பித்துவிடுவார்.