வகுப்பறைக் கருவியும் வருங்கால ஆசிரியரும்

வகுப்பறைக்குப் புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம் ஆசிரியருக்கு மரண சாசனம் எழுதிவிடுவது உலக வழக்கமாகிவிட்டது. சலனப் படம் பரவத் தொடங்கிய 1913ஆம் ஆண்டில், இனிப் பாடசாலைகளில் புத்தகங்களுக்கு வேலை இராது என்று தோமஸ் எடிசன் ஆரூடம் கூறினார். வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் அதே ஆரூடத்தைப் பிறர் கூறினர். புத்தகம் அழியவில்லை, ஆசிரியரும் அழியவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவின் பெயரால் பழைய பல்லவி மீண்டும் பாடப்படுகிறது. பாடுபவர் யார், பாட்டினால் பயன் பெறுபவர் யார் என்று கேளாமல் தாளம் போடுவது ஆசிரியர்க்கு அழகன்று.

கருவியைக் கண்டு அஞ்சி ஓடும் பழமைவாதிகளின் பக்கம் நின்று இதை நாம் கூறவில்லை. மனித குலத்தின் உழைப்பில் விளைந்த எந்த அறிவும் மக்களின் சொத்தே. அச்சொத்து மக்களின் பிள்ளைகளுக்குப் பயன்படுமா, அவர்களை விற்பனைப் பொருளாக்குமா என்பதே கேள்வி. அக்கேள்விக்கு விடை, கருவி விற்கும் கடையில் இல்லை. ஆசிரியரை உருவாக்கும் கல்லூரியில் இருக்கிறது.

காத்தான்குடியிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே சென்று ஆரையம்பதியைக் கடந்தால் தாழங்குடா. மட்டக்களப்பு தேசிய கல்விக் கல்லூரி அங்கேதான் அமைந்துள்ளது. 1985இல் தொடங்கப்பெற்ற தேசிய கல்விக் கல்லூரி முறையின்படி, பயிலுநர்கள் இரண்டு ஆண்டு கல்லூரியில் தங்கிக் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலைகளிற் கழித்து ஆசிரியராகின்றனர். இந்த மூன்று ஆண்டுகளில் அவர்கள் கையில் நாம் எதைக் கொடுத்தனுப்புகிறோம்? கணினியை இயக்கும் பழக்கத்தையா, அதை எடைபோடும் அறிவையா? இவ்விரண்டும் ஒன்றெனக் கருதியதே இதுவரை நேர்ந்த தவறுகளுக்கெல்லாம் மூலம்.

கடந்த காலத்தைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 2015இல் கூகிள் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. வானிலே பலூன்களைப் பறக்கவிட்டு இலங்கைத் தீவு முழுவதற்கும் இணையம் வழங்கப்போவதாகப் பறைசாற்றினர். 2016இல் சோதனைப் பலூனும் வந்தது. மக்களுக்குச் சேவை வரவில்லை. 2021இல் அந்நிறுவனம் அத்திட்டத்தையே மூடிவிட்டது. இலாபக் கணக்குச் சரிவராத நாளில் வானத்திலிருந்து இறங்கிக் கொள்வோரை நம்பி நம் கல்வியைக் கட்ட முடியாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற கோஷமும் உலகெங்கும் ஒலித்தது. பெரு நாட்டில் அக்கணினிகள் பெருந்தொகையாக வழங்கப்பட்டன. அங்கு 319 கிராமப்புறப் பாடசாலைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியாயிற்று. கணினிகள் பிள்ளைகளின் கைக்கு வந்தன; கணிதத்திலோ மொழியிலோ அவர்களின் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொருளைக் கொடுத்தவர்கள், அதைக் கொண்டு என்ன கற்பிப்பது, எவ்வாறு கற்பிப்பது என்பதை ஆசிரியர்க்குப் போதிய அளவு கொடுக்கவில்லை. நெசவும் வாணிபமும் வளர்த்த ஊரிலிருந்து எழுதுகிறோம். நூலின் தன்மை அறியாதவர் கையில் விசைத்தறியைக் கொடுத்தால் நூல் அறுமேயன்றித் துணி விளையாது என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைக்கும் தெரியும்.

பின்னர் வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. இணையவழிக் கல்வி என்ற சொல் ஒரே வாரத்தில் எல்லார் நாவிலும் ஏறிவிட்டது. ஆனால் அக்காலத்தில் நாட்டில் ஏறக்குறைய ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டிலேதான் கணினி இருந்தது. போகிட்டியாவ என்னும் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே நடந்து மலைப்பாறையில் ஏறியமர்ந்த காட்சியை 2021இல் உலகமே கண்டது. எங்கள் வாவியின் மறுகரையாகிய படுவான்கரையிலும் நிலைமை வேறன்று. வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி, விடிந்தால் வயலுக்குச் செல்லும் தகப்பனாரின் சட்டைப்பையில் இருக்கும். அவர் திரும்பும் வேளையிலே பாடமும் முடிந்திருக்கும். ஒரே தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் காத்திருப்பர். வறுமை சிங்களம் பேசினாலென்ன, தமிழ் பேசினாலென்ன? அலைவரிசை அதற்கு ஒரே விதமாகத்தான் கிடைக்கவில்லை.

அக்காலமே வேறொரு பாடத்தையும் புகட்டிற்று. 2021 ஜூலை 12ஆம் திகதி தொடக்கம், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர் அதிபர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்டோபரில் பாடசாலைகள் திறக்கும் வேளை வரை அப்போராட்டம் நீடித்தது. அந்நாள்களில் கணினிகள் இருந்தன, இணையம் இருந்தது, மென்பொருள்களும் இருந்தன. ஆசிரியர் இல்லை, ஆதலாற் கற்பித்தலும் இல்லை. இயந்திரம் கற்பிக்கும் என்போர் அந்த மூன்று மாதங்களுக்கு என்ன விளக்கம் கூறுவர்?

இவ்வளவும் நடந்த பின்னரும் தொழில்நுட்பப் பயிற்சி என்ற பெயரில் நடப்பது யாது? அரைநாட் செயலமர்வு, எந்தப் பொத்தானை அழுத்தினால் எது தோன்றும் என்ற விளக்கம், முடிவிற் சான்றிதழும் புகைப்படமும். பயிற்சிப் பாடத்தைப் பார்வையிட வருவோருள்ளும், சுவரிலே வண்ணப் படம் விழுந்தால் மகிழ்ந்து புள்ளியிடுவோர் உளர். அப்படம் பிள்ளையின் எந்த ஐயத்தைத் தீர்த்தது, வெண்கட்டியும் கரும்பலகையும் செய்ய முடியாத எதைச் செய்தது என்று கேட்போர் அரியர். புத்தகத்திலுள்ள பந்தியைத் திரையிலேற்றி அதைப் பிள்ளைகள் பார்த்தெழுதுவது புதுமையன்று. பழைய மனப்பாடக் கல்விக்கு மின்சாரம் பாய்ச்சியதேயாகும்.

செயற்கை நுண்ணறிவை எடுத்துக்கொள்வோம். 2024இல் மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் துணையோடு, தெரிந்தெடுத்த சில பாடசாலைகளில் அதைப் பாடமாக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கிற்று. பாடமாகுமுன்னரே அது எங்கள் மாணவரின் கைக்கு வந்துவிட்டது. ‘எனது ஊர்’ என்ற தலைப்பில் மாணவன் ஒருவன் எழுதி வந்த கட்டுரையில் பிழையற்ற தமிழ் இருந்தது. ஆனால் அவனது ஊரை ஆண்டவர் ‘பஞ்சாயத்துத் தலைவர்’. மாவட்டத்துக்குப் பொறுப்பானவர் ‘மாவட்ட ஆட்சியர்’! காத்தான்குடியில் இருப்பது நகர சபை. மட்டக்களப்பில் இருப்பவர் அரசாங்க அதிபர். தமிழகத்து எழுத்தை மிகுதியாக உண்ட இயந்திரம் தமிழகத்தையே உமிழ்ந்திருக்கிறது. எங்கள் பிள்ளை தன் ஊரையே தனக்குத் தெரியாத ஓர் ஊராக எழுதிக் கையளித்தான். அவனைத் தண்டிப்பது எளிது. அக்கட்டுரையை வகுப்பில் வைத்து, இயந்திரம் எதை அறியும், எதை அறியாது, ஏன் அறியாது என்று பிள்ளைகளைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்வதுதான் ஆசிரியப் பணி. இத்திறனைத் தாழங்குடாவில் கற்பிக்காவிட்டால் வேறெங்கே கற்பிப்பது?

அச்சிட்ட நூலுக்கே இந்த எச்சரிக்கை தேவை என்பதை அண்மைய நிகழ்ச்சி ஒன்று உணர்த்திற்று. 2026ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்துக்கென ஆக்கப்பட்ட ஆறாந் தர ஆங்கிலப் பாடத் தொகுதியில், சிறார்க்கு ஒவ்வாத இணையத்தளம் ஒன்றின் முகவரி இடம்பெற்றிருந்தது வெளிப்பட்டு, அத்தொகுதியின் விநியோகம் நிறுத்தப்பட்டது. அரசியல்வாதிகள் அதை வைத்து ஆடிய கூத்து ஒருபுறம் கிடக்கட்டும். பிள்ளையின் கையில் ஒரு முகவரியைக் கொடுக்குமுன் அதைத் தானே திறந்து பார்க்கும் எளிய ஒழுக்கம், நூலாக்குவோர் முதல் வகுப்பாசிரியர் வரை யாவர்க்கும் பழக்கமாக வேண்டும் என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இன்னொன்று, பிள்ளைகளின் அந்தரங்கம். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 160க்கு மேற்பட்ட கல்வி மென்பொருள்களிலும் தளங்களிலும், பத்துக்கு ஒன்பது வீதமானவை பிள்ளைகளின் தரவுகளைக் கையாண்ட முறை அவர்களின் உரிமைக்கு ஊறு விளைவிப்பது. இலவசம் என்று கொடுத்தவர்கள் பிள்ளையையே விலையாக எடுத்துக்கொண்டனர்! நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் முக்கிய பிரிவுகள் நடைமுறைக்கு வருவதோ 2025இல் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? தவணைப் புள்ளிகளைப் பெற்றோர் அனைவரும் பார்க்கும் வட்ஸ்அப் குழுவில் பெயரோடு இடுவதும், உதவிப் பொருள் பெறும் ஏழைப் பிள்ளையைப் படமெடுத்து முகநூலில் ஏற்றுவதும் கொடுமை என்று அறியச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. நெஞ்சும் பயிற்சியும் போதும்.

இவற்றையெல்லாம் கேட்டு, ‘கைத்தொலைபேசியே வேண்டாம், இணையமே வேண்டாம், நம் பண்பாடு கெட்டுவிடும்’ என்று கூறுவோர் நம்மிடையே உளர். அவர்களின் கவலையை ஏளனம் செய்யோம். தீர்வை ஏற்கவும் மாட்டோம். காரைதீவிற் பிறந்த விபுலாநந்தர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். 1936இல் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, புதிய அறிவைத் தமிழிலே வசப்படுத்த உழைத்தவர். எங்கள் வாவிக்கரையின் மரபு கதவடைக்கும் மரபன்று. வந்ததைச் சோதித்து நமதாக்கும் மரபு.

அவ்வாறு நமதாக்குதல் ஆகாத காரியமுமன்று. கேரளத்தைப் பாருங்கள். 2001 தொடக்கம் அங்கே பாடசாலைத் தகவல் தொழில்நுட்பத் திட்டம் அரசின் பொறுப்பிலேயே நடந்து வருகிறது. நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் செலுத்தாத கட்டற்ற மென்பொருளைப் பாடசாலைகளில் வழக்குக்குக் கொண்டுவந்தனர். 2024இல் ஏறக்குறைய 80,000 ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியளிக்கும் வேலையையும் தொடங்கினர். முதலில் ஆசிரியர், பிறகு கருவி. ஐ.நா. கல்வி நிறுவனமாகிய யுனெஸ்கோவும் 2023ஆம் ஆண்டு அறிக்கையில், கல்வித் தொழில்நுட்பம் எவருடைய நிபந்தனைக்கு உட்பட்ட கருவி என்றே கேட்டது. எங்கள் மறுமொழி தெளிவானது: வகுப்பறையின் நிபந்தனைக்கு.

ஆகவே நாம் கோருவன இவை. ஒவ்வொரு பயிலுநரும் ஒரே பாடத்தை முதலிற் கருவியின்றியும் பின்பு கருவியோடும் கற்பித்து, கருவி சேர்த்தது யாது, கெடுத்தது யாது என்று எழுதிக் காட்ட வேண்டும். தமிழில் இயந்திரம் தரும் விடைகளைத் திருத்துவது கல்லூரியிற் கட்டாயப் பயிற்சியாக வேண்டும். பிள்ளைகளின் தரவைக் காப்பது ஆசிரிய ஒழுக்கக் கோவையில் இடம்பெற வேண்டும். மூன்றாம் ஆண்டுப் பயிற்சியின் ஒரு பகுதியேனும் மின்சாரமும் அலைவரிசையும் தடுமாறும் படுவான்கரைப் பாடசாலையிற் கழிய வேண்டும். வசதியுள்ள பாடசாலையில் மட்டும் பழகியவர் வசதியற்ற பிள்ளையை மறந்துவிடுவார். கற்பித்தலுக்குரிய இணையச் செலவை ஆசிரியரின் சம்பளத்திலிருந்து உறிஞ்சாது அரசே ஏற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பயன் தராத கருவியை வேண்டாமென மறுக்கும் உரிமை ஆசிரியருக்கு இருக்க வேண்டும்.

பணம் எங்கே என்பர். 2022 மார்ச்சிற் காகிதமில்லை என்று மேல் மாகாணத்திற் தவணைப் பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட நாடு இது. தேசிய வருமானத்தில் 4 முதல் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு உலக நாடுகள் 2015இல் ஒப்பிய செயற்சட்டம் கூறுகிறது. இங்கே ஒதுக்குவதோ பல ஆண்டுகளாக 2 வீதத்தையும் எட்டுவதில்லை. 6 வீதம் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நடத்திய போராட்டத்தின் கோரிக்கை இன்னும் நிறைவேறாமலே கிடக்கிறது. ஒதுக்கும் சிறுதொகையையும் திரையாகவும் பலகையாகவும் மாற்றித் தரகர் பையில் இடுவது, 1945இல் கன்னங்கரா நிலைநாட்டிய இலவசக் கல்வியைப் பின்வாசல் வழியே விற்பதாகும்.

ஆசிரிய நண்பர்களே, பயிலும் தம்பி தங்கையரே! இயந்திரத்தோடு நமக்குப் பகையில்லை. அதைக் காட்டி ஆசிரியரைச் சிறுமைப்படுத்துவோரோடும், அதை மறைத்து ஏழைப் பிள்ளையை இருட்டில் வைப்போரோடுமே நமக்குப் பகை. வாவியின் இரு கரையிலும் ஒரே தரமான கல்வி கிடைக்கும் நாள் வரை இக்கோரிக்கைகளை ஆசிரியர் சங்கங்களிலும் கல்லூரி மன்றங்களிலும் ஓயாது எழுப்புவோம்.