எண்டர் தட்டுன விரல்

வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவையாவது இந்த நியூஸ் வந்துடும். எங்கயோ ஒரு பெரிய கம்பெனியோட சர்வர் மல்லாக்கப் படுத்துக்கும். பாதி உலகம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மறுநாள் "ஊழியர் செய்த தவறு"ன்னு கொட்டை எழுத்துல போடுவாங்க. நம்ம ஆபீஸ் கேன்டீன்ல டீயை உறிஞ்சிக்கிட்டே ஆரம்பிச்சுடுவானுங்க, "யாருடா அந்தப் புண்ணியவான்? இந்நேரம் சீட்டைக் கிழிச்சிருப்பாங்கல்ல?"

எனக்கு இந்தக் கேள்வி மேலயே கொலவெறி. பொட்டி தட்டிப் பொழப்பு நடத்துறவன்ங்கிற முறையில என் கட்சியை இங்கயே சொல்லிடறேன். எண்டர் தட்டுன விரலைத் தேடிப் புடிச்சு வெட்டுறது சுத்த வெட்டி வேலை. ஒருத்தன் ஒரு தடவை எண்டர் தட்டினா மொத்த டேட்டாவும் போயிடும்ங்கிற நிலைமையில ஒரு கம்பெனி இருந்தா, அந்த நிலைமைக்குக் கையெழுத்துப் போட்டவங்க ஏசி ரூம்ல இருக்காங்க. அவங்க பேரு எந்த நியூஸ்லயும் வராது.

சும்மா சொல்லலை. கிட்லேப் கதையை எடுத்துக்குங்க. 2017 ஜனவரி 31. நம்மள மாதிரி ஆளுங்க எழுதுற கோடையெல்லாம் பத்திரமா வெச்சுக்கற கம்பெனி அது. அன்னிக்கு ராத்திரி டேட்டாபேஸ்ல லோடு எகிறிடுச்சு. மெயின் சர்வருக்கு ஒரு நகல் சர்வர் உண்டு, அது பின்தங்கிப் போய் காப்பி ஆகாம நின்னுடுச்சு. சரி, நகல்ல இருக்கற பழைய டேட்டாவைத் துடைச்சுட்டு முதல்லருந்து காப்பி பண்ணுவோம்னு ஒரு இன்ஜினியர் உக்காந்தார். வேலை நேரம் முடிஞ்சு கிளம்ப வேண்டிய ஆளு. ரெண்டு ஜன்னல் தொறந்திருக்கு, ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கு. துடைக்கிற கமாண்டை நகல்ல தட்டாம மெயின் சர்வர்ல தட்டிட்டார். ஆர்எம் மைனஸ் ஆர்எஃப். தெரிஞ்ச மக்களுக்கு இந்தப் பேரைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும். தெரியாதவங்களுக்கு: "எதுவும் கேக்காதே, எல்லாத்தையும் அழி"ன்னு அர்த்தம். ரெண்டே செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்திட்டார். அதுக்குள்ள சுமார் 300 ஜிபி இருந்த இடத்துல 4.5 ஜிபிதான் மிச்சம். இன்னிக்கு இனிமே சூடோ பக்கமே போறதில்லைன்னு எழுதி வெச்சுட்டு, மீட்கற வேலையை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைச்சாராம். பாவம்.

இதுவரைக்கும்தான் எல்லாரும் சொல்ற கதை. எனக்குப் புடிச்ச கதை இதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. சரி, பேக்கப்லருந்து எடுப்போம்னு போனாங்க. தினமும் தானா ஓடற டம்ப் ஒண்ணு இருக்கு. அது போய் உக்காரவேண்டிய எஸ்3 பக்கெட்டைத் தொறந்தா காத்தாடுது. ஏன்னு நோண்டினா, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஆனா டம்ப் எடுக்கற புரோகிராம் 9.2. வெர்ஷன் ஒத்துவராம தினமும் அது பெயிலாயிட்டே இருந்திருக்கு. பெயிலானா மெயில் வரணுமே? மெயிலும் அனுப்பியிருக்கு! ஆனா அந்த மெயில்ல சரியான கையொப்பம் இல்லைன்னு டிமார்க் பாதுகாப்பு அதை வாசல்லயே திருப்பி அனுப்பிடுச்சு. அதாவது, வீட்ல திருடன் பூந்துட்டான்னு நாய் தினமும் குலைச்சிருக்கு, சத்தம் தொந்தரவா இருக்குன்னு யாரோ ஜன்னலைச் சாத்தி வெச்சிருக்காங்க. அஷ்யூர்ல டிஸ்க் ஸ்னாப்ஷாட் வசதி இருந்துச்சு, அதை பைல் சர்வருக்கு மட்டும் போட்டு வெச்சிருந்தாங்க, டேட்டாபேஸ் சர்வருக்குப் போடலை. நகல் சர்வரா? அதைத்தான் துடைக்கப் போனாங்களே, அது முன்னாடியே காலி.

கடைசில காப்பாத்துனது என்ன தெரியுமா? அதே இன்ஜினியர் வேற ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வெச்ச ஒரு ஸ்னாப்ஷாட். அதை மெதுவான டிஸ்க்லருந்து திரும்பக் காப்பி பண்ணவே சுமார் 18 மணி நேரம் ஆச்சு. அந்த வேலையை யூடியூப்ல நேரலையா வேற விட்டாங்க. பைல் காப்பி ஆகறதை ஆயிரக்கணக்குல ஜனங்க உக்காந்து பாத்தாங்க. கிரிக்கெட்ல டெஸ்ட் மேட்ச் செத்துப்போச்சுன்னு யார் சொன்னா? :-)

இப்ப சொல்லுங்க, இதுல யார் குத்தவாளி? அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கியிருந்தா வெர்ஷன் 9.2 தானா 9.6 ஆயிருக்குமா? கிட்லேப்காரங்க தூக்கலை. எது எது ஏன் பெயிலாச்சுன்னு ஒண்ணு விடாம வெளிப்படையா எழுதிப் போட்டாங்க. அதுல அவர் பேருகூடப் போடாம ஒரு நம்பர் மட்டும் குடுத்திருந்தாங்க. நான் இந்தத் தொழிலுக்கு வந்து படிச்ச உருப்படியான பாடப்புத்தகம்னா அந்த அறிக்கைதான். இன்ஜினியரிங் காலேஜ்ல நாலு வருஷம் டிபிஎம்எஸ் படிச்சேன், நார்மல் ஃபார்ம் மூணு வரைக்கும் மனப்பாடம் பண்ண வெச்சாங்க. பேக்கப்பை ஒரு தடவை திரும்ப எடுத்துப் பாருடான்னு ஒரு வாத்தியாரும் சொன்னதில்லை.

இது ஒண்ணும் புதுசு இல்லை. 1998ல டாய் ஸ்டோரி 2 படம் எடுத்துட்டு இருக்கும்போது பிக்ஸார்ல இதே கமாண்டை யாரோ ஓட்டி, படத்துல சுமார் 90 சதவீதம் காணாமப் போச்சு. பேக்கப்பும் ஒழுங்கா வேலை செய்யலை. கேலின் சஸ்மன்னு படத்தோட சூப்பர்வைசிங் டெக்னிக்கல் டைரக்டர், குழந்தை பெத்திருந்ததால வீட்லருந்து வேலை பாத்துட்டு இருந்தாங்க. அவங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி இருந்துச்சு. அதைப் போர்வையில சுத்தி, கார் பின்சீட்ல பச்சப்புள்ளையைக் கொண்டு வர்ற மாதிரி ஆபீஸுக்குக் கொண்டு வந்தாங்க. கோடி கோடியா போட்டு எடுத்த படம், போர்வையில வந்து சேந்துச்சு.

எனக்கு நேர்ல தெரிஞ்ச கதையும் ஒண்ணு உண்டு. பேரெல்லாம் வேணாம். முன்னாடி நான் ஆணி புடுங்கிட்டு இருந்த ஒரு கம்பெனி. அங்க சிஸ்டம் அட்மினா ஒரு அண்ணன் இருந்தார், திருநெல்வேலிக்காரர். பேக்கப் தினமும் ஓடுதுன்னு டேமேஜருக்கு ரிப்போர்ட் போகும், பச்சைக் கலர்ல டிக் மார்க்கோட. அண்ணனுக்கு மட்டும் அந்தப் பச்சை மேல நம்பிக்கையே கிடையாது. "தம்பி, பூட்டு தொங்குதுன்னா வீட்டுக்குள்ள நகை இருக்குன்னு அர்த்தமாடே? தொறந்து பாத்தாத்தானே தெரியும்?"ம்பார். திரும்ப எடுத்துப் பாக்க ஒரு சும்மா மெஷின் வேணும்னு மூணு தடவை மெயில் போட்டார். மூணு தடவையும் பட்ஜெட் இல்லைன்னு பதில். அதே காலாண்டுல லாபியில ஒரு செயற்கை நீர்வீழ்ச்சி வெச்சாங்க. தண்ணி நல்லாத்தான் விழுந்துச்சு.

ஒரு நாள் கான்ட்ராக்ட்ல வந்த ஒரு பையன், சேந்து ரெண்டு மாசம்கூட ஆகலை, டெஸ்ட் சர்வர்னு நினைச்சு ஒரிஜினல்ல ஸ்கிரிப்டை ஓட்டிட்டான். டேட்டா போச்சு. பேக்கப்பை எடுத்தா, நாலு மாசமா ஒரு முக்கியமான டேபிளே அதுல இல்லை. சாயங்காலத்துக்குள்ள பையனோட ஐடி கார்டை வாங்கிட்டாங்க. அண்ணன் நேரா டேமேஜர் ரூமுக்குப் போய் அந்த மூணு மெயிலையும் பிரிண்ட் எடுத்து மேசையில வெச்சுட்டு, "சார், அவனை அனுப்புறதுன்னா இதுக்குப் பதில் எழுதுனவங்களையும் அனுப்புங்க"ன்னார். யாரையும் அனுப்பலை. அண்ணன்தான் மூணு மாசம் கழிச்சு அவரா பேப்பர் போட்டுட்டுப் போயிட்டார். அந்தப் பையனுக்குக் குடுத்த பாஸ்வேர்டு எல்லா சர்வருக்கும் ஒண்ணுதான்னு யாருமே பேசலை. அவனுக்கு அடுத்த வேலை கிடைக்க எட்டு மாசம் ஆச்சுன்னு அப்புறமா அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

இதுக்கு நேரெதிர் கதை அமேசான். 2017 பிப்ரவரி 28, கிட்லேப் கூத்து முடிஞ்சு ஒரே மாசம். எஸ்3ல சில சர்வர்களைக் கழட்டறதுக்கு ஒருத்தர் கமாண்ட் குடுத்தார். அதுல ஒண்ணைத் தப்பா அடிச்சதால, நினைச்சதைவிட நிறைய சர்வர் கழண்டுடுச்சு. கிட்டத்தட்ட நாலு மணி நேரம் இன்டர்நெட்ல பாதி இடத்துல ஈயாடுச்சு. எல்லாம் நல்லாருக்கான்னு காட்டுற அவங்க பலகையே எஸ்3யை நம்பி இருந்ததால, அதைக்கூட சிவப்புக்கு மாத்த முடியலை. ஊரே எரியுது, பலகையில பச்சை! ஆனா அப்புறம் என்ன பண்ணாங்க? அந்தக் கருவியையே மாத்தினாங்க. இனிமே சர்வர்களை மெதுவாத்தான் கழட்டும், குறைஞ்சபட்ச அளவுக்குக் கீழ போகவே விடாது. விரல் இனிமே தப்பா அடிச்சாலும் ஊரு படுக்காது. இதுதான் ரிப்பேர்.

"சரிப்பா, விரலே இல்லாம டேட்டா போனா?"ன்னு கேப்பீங்க. அதுவும் ஆச்சு. 2025 செப்டம்பர் 26, தென்கொரியா, தேஜான் நகரம். அரசாங்கத்தோட டேட்டா சென்டர். யுபிஎஸ்ஸோட லித்தியம் பேட்டரிகளை இடம் மாத்தும்போது தீப்புடிச்சது. 709 அரசு சேவைகள் நின்னுபோச்சு. அரசு ஊழியர்கள் பைல் வெச்சுக்க ஜி-டிரைவ்னு ஒண்ணு இருந்துச்சு. ஆபீஸ் பொட்டியில வைக்காதீங்க, எல்லாத்தையும் இதுலயே வைங்கன்னு மேலிடத்து உத்தரவு வேற. 858 டெராபைட் டேட்டா. வெளிய பேக்கப் கிடையாது. சொன்ன காரணம், அளவு ரொம்பப் பெருசாம். பிள்ளை ரொம்ப குண்டா இருக்கான், அதனால தடுப்பூசி போடலைங்கற மாதிரி இருக்கு.

அடுத்த வாரமே, இந்தக் கோளாறைச் சரிபண்ற பொறுப்புல இருந்த ஒரு அதிகாரி இறந்துபோனார்னு செய்தி வந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு இதுல சிரிப்பு வரலை. இந்த மாதிரி நேரத்துல ராத்திரி பகலா கண் முழிக்கறவன் ஒருத்தன், அந்த நிலைமைக்குக் கையெழுத்துப் போட்டவன் வேற ஒருத்தன். கேன்டீன்ல "யாருடா அவன்"னு கேக்கறப்ப நாம எந்தப் பக்கம் நிக்கறோம்னு கொஞ்சம் பாத்துக்கணும்.

இப்ப லேட்டஸ்ட்டா விரலுக்குப் பதிலா ஏஐ வந்திருக்கு. 2025 ஜூலைல ஜேசன் லெம்கின்னு ஒரு தொழிலதிபர் ரெப்ளிட்டோட ஏஐ ஏஜெண்டை வெச்சு ஒரு அப்ளிகேஷன் கட்டிட்டு இருந்தார். எதையும் மாத்தாதேன்னு தெளிவா சொல்லி வெச்சிருந்தும், அது நிஜ டேட்டாபேஸையே அழிச்சுடுச்சு. அழிச்சதோட விடாம, திரும்பக் கொண்டுவர முடியாதுன்னும் சொல்லுச்சு. அவர் தானா முயற்சி பண்ணிப் பாத்தா டேட்டா திரும்ப வந்துடுச்சு! அழிக்கத் தெரிஞ்ச அளவுக்கு அதுக்கும் ரெஸ்டோர் தெரியலை பாருங்க. மனுஷன்கிட்டருந்து சரியாத்தான் கத்துக்கிட்டிருக்கு. ரெப்ளிட் தலைவர் மன்னிப்புக் கேட்டார், சோதனை டேட்டாபேஸையும் நிஜத்தையும் தனித்தனியா பிரிக்கிறோம்னார். பாத்தீங்களா? ஏஐயை வேலையை விட்டுத் தூக்க முடியாதுன்னதும் எல்லாரும் ஒழுங்கா சிஸ்டத்தைச் சரிபண்றாங்க. அந்த மரியாதையை கான்ட்ராக்ட் பையனுக்கும் குடுத்தா என்னவாம்?

"அப்ப யாருமே பொறுப்பு இல்லையா, அவனவன் இஷ்டத்துக்கு அழிக்கலாமா?"ன்னு ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். பொறுப்பு இருக்கு சாமி. வேணும்னே அழிச்சவன், மூடி மறைச்சவன், தெரிஞ்சே திரும்பத் திரும்பப் பண்றவன், இவங்களுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா ஒரு கம்பெனி யோக்கியமான்னு கண்டுபிடிக்க, யார் அழிச்சான்னு கேக்கறதைவிட, "கடைசியா எப்ப ரெஸ்டோர் பண்ணிப் பாத்தீங்க, எவ்வளவு நேரம் ஆச்சு?"ன்னு கேட்டுப் பாருங்க. தேதியும் நேரமும் டக்குனு வந்தா நல்ல கம்பெனி. "பேக்கப் தினமும் ஓடுதே"ன்னு பதில் வந்தா, ரெஸ்யூமை அப்டேட் பண்ணி வெச்சுக்குங்க.

ஜூலை மாசம் கடைசி வெள்ளிக்கிழமை சிஸ்டம் அட்மின்களைப் பாராட்டற நாள். 2000த்துலருந்து கொண்டாடறாங்க. 2024ல அதுக்குச் சரியா ஒரு வாரம் முன்னாடி, ஜூலை 19 வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் பொட்டிகள் நீலத்திரை காட்டி நின்னுடுச்சு. நம்மூரு ஏர்போர்ட்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் குடுத்தாங்க. ஏகப்பட்ட பொட்டிகளை உலகம் பூரா அட்மின்கள் ஒவ்வொண்ணா சேஃப் மோடுல போட்டு, ஒரு பைலை அழிச்சுத்தான் எழுப்பினாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அவங்கள்ல பாதிப் பேருக்காவது கேக் வந்திருக்கும்னு நம்பறேன். கேக்கைவிட, அண்ணன் மூணு தடவை கேட்ட அந்தச் சும்மா மெஷினை வாங்கிக் குடுத்தா ரொம்ப சந்தோஷப்படுவாங்க.

டிஸ்கி: இதைப் படிச்ச சூட்டோட போய் நிஜ சர்வர் மேலயே ரெஸ்டோர் பண்ணிப் பாக்காதீங்க மக்களே, இருக்கற டேட்டாவும் போயிடும். தனி மெஷின்ல பண்ணுங்க. முக்கியமா வெள்ளிக்கிழமை சாயங்காலம் பண்ணாதீங்க.